அயர்ன் டேபிளில் ஆரஞ்சு

கம்பெனியில் எங்களுக்குக்
கிறிஸ்துமஸ் ஜூலையிலேயே முடிந்துவிடும்.
ஆடிக் காற்று ஷெட்டின் தகரத்தைத் தட்டத் தட்ட
பனிமனிதன் அச்சடித்த குழந்தைச் சட்டை
நாற்பதாயிரம் பீஸ்
செக்கிங் டேபிளில் வந்து குவியும்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது,
ஒவ்வொரு பனிமனிதனுக்கும் இரண்டு கண் இருக்கிறதா
பார்த்துப் பார்த்து அனுப்புவேன்.
ஒற்றைக்கண்ணன்கள் ரிஜெக்ட்.

டிசம்பரில் ஜெர்லின் கேட்கிறாள்,
"நம்ம வீட்டுக்கு என்னம்மா கட்டறது?"

பல்லடம் ரோட்டுக் கடையில் ஸ்டார் விலை கேட்டுவிட்டு
கம்முனு திரும்பி வந்தோம்.
மார்க்கெட் சாத்துகிற நேரம்,
தட்டில் மிஞ்சின கமலா ஆரஞ்சு.
"அள்ளிக்குங்க, முப்பது ரூவா போதும்."
தூக்கிப் பார்த்தால் இரண்டரைக் கிலோ.

கத்தி மழுங்கல்.
முதல் நாலு வட்டம் சப்பிப்போய்
அவள் வாய்க்குள் போனது.
மற்றதைக் கூரைமேல் பனியன் துணி விரித்து
வரிசையாய் வைத்தேன்.
காலையில் பார்த்தால் மார்கழிப் பனியைக் குடித்து
முந்தின நாளைவிடக் கனத்துக் கிடந்தன.
மறுநாள் எறும்பு.
அதற்கும் மறுநாள்
ஊத்துக்குளிப் பக்கமிருந்து தூறல்.

சோற்று டப்பாவின் மேல்தட்டில் அடுக்கிக்
கம்பெனிக்கே கொண்டுபோனேன்.

அயர்ன் மாஸ்டர் செங்கோடன்
பேச்சுக்குப் பீஸ் ரேட் பிடிப்பார்கள் என்பதுபோல் இருக்கிற மனுஷன்.
டப்பாவைத் திறந்து பார்த்தார்.
"இதென்னுங்க, வடகமா?"
"ஸ்டாருங்ண்ணா."
அதற்குமேல் கேட்கவில்லை.
டீ டைமில் இரண்டு பிட்டுத் துணிக்கு நடுவே பரப்பி
மிதியைக் காலால் அமுக்கினார்.
டேபிள் மூச்சை உள்ளே இழுத்தது,
பழத்தின் ஈரமும் கூடவே போனது.
ஆவியை அடைத்துவிட்டு
பெட்டியைத் தொட்டும் தொடாமலும் நகர்த்தினார்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் பார்ப்பதுபோல.
முதல் நாள் தோல் சுருங்கியது.
இரண்டாம் நாள் கண்ணாடி.
ஒன்று மட்டும் கருகி நடுவில் பொத்தல்.
அன்று சாயங்காலம் வரை
என் முகத்தைப் பார்க்கவேயில்லை அவர்.

ஷெட் முழுக்க வாசம்.
சாய வாடை, மெஷின் எண்ணெய், எங்கள் வியர்வை
எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நின்றது.
பேக்கிங்கில் பிகாஷ் மூக்கைத் தூக்கித்
தன் பாஷையில் ஏதோ சொன்னான்,
டேப்பைக் கீழே வைத்துவிட்டு
ஊருக்குப் போன் போடப் போனான்.
ஈஸ்டருக்குப் போகிற முயல் சட்டையை
கியூசி எடுத்து முகர்ந்தார்.
"என்னது இது?"
"புது வாஷுங்க சார்" என்றார் செங்கோடன்,
அந்த வாரத்தில் அவர் பேசிய இரண்டாவது வாக்கியம்.
பெட்டி ஒட்டி வண்டி ஏறியாயிற்று.

வீட்டில் ஓவர்லாக் வேஸ்ட் நூலில் கோர்த்தோம்.
பச்சை கேட்டாள், கிடைத்தது நேவி புளூ.
லைன் வீட்டு நிலைக்கு இருபத்தியொரு வட்டம்,
நட்டநடுவில் கருகினது.
அவளேதான் வைத்தாள்.
"இதுலதாம்மா ஓட்டை வழியா லைட்டு நேரா வருது."
செக்கிங் கை எனக்கு,
கழற்றத் தூக்கினேன்.
பல்பு எரிந்தது.
தூக்கின கையோடு நின்றேன் கொஞ்ச நேரம்.

கேரல்ஸ்காரர்கள் பாடிக் கேக் தின்று போனார்கள்.
வீட்டுக்காரர் ஆடு எம்பி எம்பி
ஓரத்து வட்டங்கள் இரண்டைத் தின்றது.
பக்கத்துக் குடித்தனம் ராசாமணி
"கழட்டிப் போட்டறாதீங்க" என்று சொல்லிவைத்தாள்.
காப்புக் கட்டு அன்றைக்கு
வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூவோடு
நாலு வட்டம் சேர்த்துச் செருகினாள்
அவள் வீட்டு நிலையில்.
வாசம் அதற்குள் போயிருந்தது.
நிறம் இருந்தது.

ஆடு அங்கேயும் போனது.
வேப்பிலை மிச்சமில்லை, ஆவாரையும் இல்லை.
ஒரு ஆரஞ்சு வட்டம் மட்டும்
தாடியில் சிக்கிக்கொண்டு
பொங்கல் முழுக்க
தெருத்தெருவாய்த் திரிந்தது.